வெல்டு வாரியாகப் பிரிக்கவில்லை

என் பெயரில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் முக்கியமான எண் உண்மையானதல்ல. அனுப்பும்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், பிறகு அதைக் காட்டிப் பதவி உயர்வும் வாங்கினேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். வீடு கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில். எங்கள் பகுதியில் அணுமின் நிலையத்திலோ இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலோ வேலை பார்த்தவர்கள் இல்லாத தெரு அபூர்வம். எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, வெல்டுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா, கசடு தங்கியிருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று தேடுவதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர்கள் இங்கே உண்டு. அந்தப் பார்வையைக் கணினிக்குக் கற்றுத்தர முடியும் என்று நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை. 2012-இல் அலெக்ஸ்நெட் படங்களை இனங்காணும் போட்டியில் மற்ற எல்லாவற்றையும் வெகுதூரம் பின்தள்ளியதிலிருந்து, விழித்திரைப் படம், மார்பு எக்ஸ்ரே என்று ஆழ்கற்றல் நுழையாத துறை இல்லை. வெல்டுக்கும் அது வந்துகொண்டிருந்தது.

இந்த ஊரில் வெல்டு சின்ன விஷயமல்ல. இங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். அதன் நீராவி உற்பத்திக் கலன்களில் குழாய்க்குள்ளே தண்ணீர், குழாய்க்கு வெளியே சோடியம், நடுவில் சில மில்லிமீட்டர் உலோகம். ஒரு கலனுக்கு 547 குழாய்கள். ஒவ்வொன்றின் இரு முனையும் தடித்த தகட்டோடு வெல்டு செய்யப்பட்டது. சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே பார்த்திருப்போம். ஸ்காட்லாந்தின் டவுன்ரே ஈனுலையைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தவை இதே மாதிரி குழாய்–தகடு வெல்டுகளில் வந்த கசிவுகள்தான். இவ்வளவும் தெரிந்தவன் நான். என் கட்டுரையின் முன்னுரையில் இதையெல்லாம் விரிவாக எழுதியும் இருக்கிறேன்.

செய்தது இதுதான். எங்களுக்குக் கிடைத்த ஃபிலிம்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று சற்றே படியுமாறு சிறு துண்டுகளாக வெட்டினோம். துண்டுகளை எல்லாம் கலந்து, பெரும்பகுதியை ஆழ்கற்றல் மாதிரியின் பயிற்சிக்கும் மீதியை அதன் சோதனைக்கும் ஒதுக்கினோம். துல்லியம் நூறைத் தொடுகிற மாதிரி வந்தது. வராமல் என்ன செய்யும்? பயிற்சியில் பார்த்த அதே வெல்டின் பக்கத்துத் துண்டுதான் சோதனையிலும் இருந்தது. வினாத்தாளை முதல் நாளே மாணவனிடம் கொடுத்துவிட்டு, அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பெருமையாகச் சொல்வது போன்ற காரியம். குறையை அடையாளம் காண மாதிரி கற்றதா, அந்தந்த ஃபிலிமின் மங்கலையும் கீறலையும் மனப்பாடம் செய்ததா என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல. என்னிடம் திட்டப்பணி செய்த முதுகலை மாணவி. ஒரு மாலை மடிக்கணினியோடு அறைக்கு வந்தாள். "சார், ஒரே ஃபிலிமோட துண்டுங்க ரெண்டு பக்கமும் இருக்கு சார். வெல்டு வாரியா பிரிச்சு ஓட்டிப் பாத்தேன். எழுபதுக்குப் பக்கத்துலதான் நிக்குது."

அவள் சொன்னது சரி என்று உடனே புரிந்தது. ஆனாலும் சொன்னேன்: "இப்போ இதக் கிளற வேணாம்மா. கான்ஃபரன்ஸ் கடைசித் தேதி வந்துடுச்சு. எல்லாரும் இப்படித்தான் பிரிக்கிறாங்க."

"சரி சார்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவளுடைய மதிப்பெண் என் கையில் இருந்தது.

எல்லாரும் செய்கிறார்கள் என்றது முழுப்பொய்கூட இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது. பிரின்ஸ்டனில் சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 17 துறைகளில் 294 கட்டுரைகள் இதே வகைத் தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டதைத் தொகுத்துக் காட்டியது. 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் வந்த மதிப்பாய்வு, மார்புப் படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டறிவதாகச் சொன்ன 62 கட்டுரைகளை ஆராய்ந்து, மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கதாக ஒன்றுகூட இல்லை என்றது. சிலவற்றில் கோவிட் நோயாளிகள் பெரியவர்கள். ஒப்பீட்டுக்கு வைத்த படங்கள் குழந்தைகளுடையவை. நோய்க்குப் பதிலாக வயதையே மாதிரி கற்றிருக்கலாம். இந்த இரண்டையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அரவிந்த் நாராயணன் நம் சென்னை ஐஐடியில் படித்தவர் என்று பெருமையோடு சொல்லியிருக்கிறேன். நடத்தும்போது என் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கும் முறையைக் காரணமாகச் சொல்லலாம். அந்த முறை மோசம்தான். ஆனால் அன்று மாலை அந்த அறையில் முடிவெடுத்தது முறை அல்ல. எழுபது என்ற எண்ணை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த எழுபதுதான் உண்மையில் சொல்லத் தகுந்த செய்தி: புது வெல்டைக் காட்டினால் இந்த முறை தடுமாறுகிறது, ஃபிலிம்கள் இன்னும் வேண்டும், பிரிக்கும்போது கவனம் வேண்டும். அடுத்து வருபவருக்கு அது உதவியிருக்கும்.

பொய் அதோடு நிற்கவில்லை. ரேடியோகிராபியில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார்: "புது ஜாயின்ட்ல போட்டுப் பாத்தீங்களா சார்? வெல்டருக்கு வெல்டர் கை மாறுமே."

"பாத்தாச்சுண்ணே" என்றேன். வாசலில் நின்றபடி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. வேறொரு கல்லூரி ஆய்வு மாணவர், எங்கள் முடிவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியவில்லை என மின்னஞ்சல் அனுப்பினார். அவர் வெல்டு வாரியாகப் பிரித்திருந்தார். சரியாகச் செய்தவர் அவர். பயிற்சி அமைப்புகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லிப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எத்தனை இரவு அவர் தன்னையே சந்தேகப்பட்டிருப்பார் என்று யோசிக்கிறேன்.

என் மாதிரி எந்த ஆலைக்கும் போகவில்லை, எந்தக் குழாய்க்கும் அதை நம்பி யாரும் ஒப்புதல் தரவில்லை. இது எனக்கு ஆறுதல் தருவதாக இல்லை. வேறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டி, அந்த எண்ணைத் தாண்ட முயல்கின்றன.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கோரி மாநாட்டுப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். அந்த ஆய்வு மாணவருக்கும் நடந்ததைச் சொல்லி எழுதினேன். என் மாணவியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்டுபிடிச்சது நான்தான்னு அந்த லெட்டர்ல இருக்கா சார்?" என்றாள். இல்லை. 'பின்னர் கவனத்துக்கு வந்த பிழை' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவள் எப்போது சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சேர்த்து மறு கடிதம் அனுப்பினேன். அதன் நகலைக் கல்லூரி முதல்வருக்கும் கொடுத்திருக்கிறேன். பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையும் இருக்கிறது.