ரிச்சி தெருவில் ஒரு முற்பகல்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கிறது ரிச்சி தெரு. ஒரு காலத்தில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த இத்தெருவில் இன்று எங்கு நோக்கினும் கைபேசியின் உள்ளுறுப்புகளே. முற்பகலிலேயே தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும்.

நான் அங்குச் சென்றது மறைந்த என் உம்மாவின் கைபேசிக்காக. அயல்நாட்டிலிருக்கும் தம்பிக்கு அவர்கள் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. தம்பி கைபேசி மாற்றியபோது அவனிடமிருந்தவை அழிந்துபோயின. சில வாரங்களாக உம்மாவின் கைபேசியும் உயிர் பெறவில்லை. கருவிகள் வாங்கி நானே திறந்து பார்ப்பதென்று முடிவு செய்திருந்தேன். முன்பு மகளின் டேப்லெட்டைத் திறந்து, குட்டைத் திருகின் துளையில் நீளத் திருகை முடுக்கி, உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையைப் பாழாக்கியவன் நான் என்பதையும் வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை!

நாற்பது முனைகள் கொண்ட மலிவான பெட்டியொன்றைக் கையிலெடுத்தேன். கடைக்காரப் பெரியவர் தடுத்தார். "இரும்பு மட்டம், தம்பி. முனையும் மழுங்கும், திருகின் தலையும் தேயும். நாலு முனை போதும், நல்லதா வாங்குங்க" என்றார். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு நட்சத்திரத் திருப்புளியில் 00, 000 ஆகிய இரு அளவுகளே போதுமானவை. ஐபோனின் அடிப்புறத் திருகுக்கு ஐந்திதழ் முனை வேண்டும். 2016இல் வந்த ஐபோன் 7 தொட்டு உள்ளே மூன்று கிளை முனையும் தேவைப்படுகிறது. இவற்றோடு உறிஞ்சுகுமிழ், மெல்லிய பிளாஸ்டிக் நெம்பிகள், வளைந்த இடுக்கி ஆகியவற்றையும் எடுத்து வைத்தார். ஓரத்துப் பசையை இளக்கத் தலைமுடி உலர்த்தியின் மிதமான சூடு போதுமாம். கத்தியை மட்டும் உள்ளே விடலாகாது. லித்தியம் மின்கலம் கிழிபட்டால் தீப்பற்றும். திருகுகளைக் கழற்றிய வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வைக்குமாறும் சொன்னார். அந்த ஓர் அறிவுரை முன்பே கிடைத்திருந்தால் டேப்லெட் பிழைத்திருக்கும்.

பிறகுதான் உம்மாவின் கைபேசியைக் காட்டினேன். பின்மூடி ஒரு நெல்மணி அளவு மேலெழுந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"மின்கலம் உப்பியிருக்கு. இதுக்கு மின்னேற்றவும் வேண்டாம், வீட்டில் திறக்கவும் வேண்டாம்."

எதிர்ச்சந்தில் இருந்த கைவினைஞரிடம் அவரே அழைத்துச் சென்றார். அந்த இளைஞர் பசையை இளக்கி, இம்மி இம்மியாக நெம்பி, உப்பிய மின்கலத்தை எடுத்து மணல் வாளியில் இட்டார். அதுவரை நான் மூச்சையே அடக்கி நின்றேன். புதியதைப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது.

பதிவுகள் அனைத்தையும் அங்கே நின்றபடியே என் கைபேசிக்கு மாற்றிக்கொண்டேன். அதன் பின்னரே கூலி எவ்வளவு என்று கேட்டேன்.