லண்டனுக்குப் போகும் வழி லாக்புக்கில் தொடங்குகிறது

தோழர்களே, நாங்கள் முதலில் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகைப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கத்தான் கூடினோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. கடந்த சில ஆண்டுகளாக வேறு ஒரு கூட்டமும் எங்களைத் தேடி வருகிறது. எம்.எஸ். முடித்த இளம் அறுவை மருத்துவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். அம்மா நடவுக்குப் போனவர், அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற வேண்டும், அதற்கு வெளிநாட்டில் ஒரு ஃபெலோஷிப் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

"அண்ணா, எப்படி விண்ணப்பிக்கிறது?" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நமக்கெல்லாம் குடுப்பாங்களா?" என்பார்கள். முதல் கேள்விக்கு இணையத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

வெளிநாட்டுக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா என்று சிலர் கேட்பது நியாயமே. அதற்கு ஒரு வரலாறு பதிலாக இருக்கிறது. மலக்குடல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகும் அதே இடத்தில் மீண்டும் கட்டி முளைப்பது ஒரு காலத்தில் சாதாரணம். தென் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் வேலை பார்த்த பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1982இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைக் கையால் பிய்த்து எடுக்காமல், கண்ணால் பார்த்தபடி, கூரிய கருவியால், உறை கிழியாமல் முழுசாக எடுப்பதுதான் அந்த முறை. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. ஆனால் அதைப் புத்தகம் படித்துச் செய்துவிட முடியாது. அருகில் நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் நின்று நம் கையைத் திருத்த வேண்டும்.

அப்படித்தான் அது பரவியது. மருத்துவர்கள் பேசிங்ஸ்டோக்குக்குப் போனார்கள், ஹீல்டும் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். 1990களில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. அதன் பலன் 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியானது. அதே இடத்தில் புற்றுநோய் மீண்டும் வருவது 14, 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆசனவாயையே எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை மாட்டும் அறுவை சிகிச்சை, பாதிக்கும் மேல் என்றிருந்தது 27 சதவீதத்துக்கு வந்திருந்தது. ஒரு நகரத்தின் மருத்துவர்கள் நேரில் பார்த்துக் கற்றதால் அந்த நகரத்தின் நோயாளிகளுக்குக் கிடைத்தது இது.

அந்தப் பை என்பது நம் சனங்களுக்கு என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரத்தம் போனால் நம்மவர்கள் முதலில் போவது சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருக்கும் இடத்துக்கு. மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது புற்றுநோய் முற்றியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றில் பை. முறையான பைக்கு மாதாமாதம் காசு வேண்டும். அது தீர்ந்துபோனால் பிளாஸ்டிக் கவரைத் துணியால் கட்டிக்கொள்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாசனை வருகிறது என்று திண்ணைக்கு அனுப்பப்பட்ட கிழவர்களையும், தனித்தட்டு வைக்கப்பட்ட பெண்களையும் பார்த்திருக்கிறோம். ஊர் நமக்குச் செய்ததை வீடு அவர்களுக்குச் செய்கிறது. ஒரு நல்ல கை பழகியிருந்தால் இவர்களில் சிலருக்காவது அந்தப் பையே தேவைப்பட்டிருக்காது. நம் பிள்ளைகளின் பயிற்சியை நாங்கள் சொந்த முன்னேற்றமாக மட்டும் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலத்தைத் தொட்ட குற்றத்துக்காகத்தான் நம்மை ஒதுக்கிவைத்ததாகச் சொன்னார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் சாகிறவர்கள் நம் ஆட்கள். அதே மலம் நிறைந்த குடலைக் கையுறை போட்டுத் திறந்து சுத்தம் செய்து தைப்பவருக்கு ஊரே எழுந்து நிற்கிறது. அப்படியானால் தீட்டு மலத்தில் இல்லை, தொடுகிறவரின் பிறப்பில்தான் அதை வைத்திருக்கிறார்கள். இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் வரும்போது எங்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

உலகம் முழுவதும் இருந்து இந்தத் துறைக்காரர்கள் போய்வரும் ஓர் இடம் லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் ஒதுங்கிப் பேசுகிறார்கள். அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1835இல் ஃபிரெடெரிக் சாமன் என்ற மருத்துவர் ஏழே படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. பவுத்திரமும் மலக்குடல் நோயும் வந்த ஏழைகளுக்காக என்று பெயரிலேயே எழுதித் தொடங்கினார். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பவுத்திர அறுவை செய்ததும் அவரேதான். ஏழைகளின் உடம்பில் கற்று வளர்ந்த கலை இது. ஏழை வீட்டுப் பிள்ளை அதைக் கற்கப் போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி நடைமுறை. வெளிநாட்டுப் பயிற்சி என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. பார்வையாளராகச் சில வாரங்கள் போய் நிற்பது ஒன்று. அதில் நோயாளியைத் தொட அனுமதி இல்லை, ஆனால் ஒரு யூனிட் எப்படி இயங்குகிறது, யாருக்கு முதலில் கீமோ, யாருக்குக் கதிர்வீச்சு, யாருக்கு நேரே அறுவை என்று கூட்டமாக உட்கார்ந்து எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆறு மாதமோ ஓராண்டோ கையால் செய்து பழகும் ஃபெலோஷிப் இன்னொன்று. அதற்கு அந்த நாட்டின் மருத்துவப் பதிவு வேண்டும். பிரிட்டனில் வெளிநாட்டு மருத்துவர்கள் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றுத் திரும்புவதற்கென்றே எம்.டி.ஐ. என்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எழுதுபவர்கள் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 எடுக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய பெருங்குடல் மருத்துவர் சங்கங்களும் இளையவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. எந்த வகை தனக்குத் தேவை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயனில்லை.

பணம் அடுத்த சுவர். சம்பளம் வரும் ஃபெலோஷிப்பாக இருந்தாலும் தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசா, விமான டிக்கெட், அங்கே போய்ச் சேர்ந்ததும் வீட்டு முன்பணம் எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே கட்ட வேண்டியவை. அரசு உதவி இருக்கிறதே என்பார்கள். பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்று வரம்பு. கையால் செய்து பழகும் ஃபெலோஷிப் பட்டமும் அல்ல, ஆய்வும் அல்ல. எனவே பட்டியலிலேயே இல்லை. அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் அந்தச் சம்பளமே வருமான வரம்பைத் தாண்டிவிடும். மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று ஆண்டு, இடையில் நுழைவுத் தேர்வுக்குப் போன ஆண்டுகள், பணிப் பத்திரம் எல்லாம் முடியும்போது வயதும் வாசலில் நிற்கும். சட்டம் படிப்பவருக்கும் பொறியியல் படிப்பவருக்கும் வரைந்த சட்டகத்தில் அறுவை மருத்துவர் அடங்குவதில்லை. மருத்துவர்களின் குறுகிய காலப் பயிற்சியையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

ஆனால் பணத்துக்கும் முந்திய சுவர் ஒன்று உண்டு. அதுதான் லாக்புக். எத்தனை அறுவை சிகிச்சை பார்த்தாய், எத்தனைக்கு உதவினாய், எத்தனையை நீயே செய்தாய் என்று வரிசை வரிசையாக எழுதிய ஏடு. வெளிநாட்டில் முதலில் கேட்பது அதைத்தான். தியேட்டருக்குள் யாருக்குக் கத்தி கொடுக்கப்படுகிறது என்பதன் சாட்சியும் அதுதான். எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. வகுப்பில், தேர்வில், விடுதியில் என்று பாகுபாடு எங்கெல்லாம் இருந்தது என்பதை அது பதிவு செய்தது. தியேட்டர் அதற்கெல்லாம் வெளியே இருக்கும் புனித இடமா என்ன?

எங்களிடம் வந்த ஒரு தங்கை சொன்னாள்: "ரிட்ராக்டர் பிடிச்சே மூணு வருஷம் போச்சுண்ணா. பெரிய கேஸ்னா சாருக்கு வேண்டியவங்க பேரு முன்னாடியே எழுதியிருக்கும்." லாக்புக்கைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 'உதவி', 'உதவி'. "ராத்திரி டியூட்டி யாரு பார்த்தது?" என்று எங்களில் ஓர் அக்கா கேட்டார். ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ் அவர், இந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். அந்தக் கேள்விக்குத் தங்கை சிரித்துவிட்டாள். குடல் அடைப்பு, குடல் ஓட்டை, கத்திக்குத்து என்று விடியற்காலை வரும் அவசர கேஸ்களுக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை. அவற்றில் பலவற்றை அவளே செய்திருக்கிறாள். களைப்பில் சரியாக எழுதவில்லை, அதெல்லாம் கணக்கில் வராது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையில் முறையாக அனுமதி கேட்டு, தியேட்டர் பதிவேட்டை வைத்துத் தேதி, அறுவை, செய்தவர் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அவள் மீண்டும் எழுதினாள். ஒரு வரிகூடக் கூட்டி எழுதவில்லை. எழுதி முடித்த பட்டியலைப் பார்த்து அவளே சற்று நேரம் பேசவில்லை.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். துறைத் தலைவர் "பார்க்கலாம்மா" என்று இழுத்தே கடைசித் தேதியைத் தாண்டவைத்த கதைகள் எங்களிடம் நிறைய. கெஞ்சுவதற்கு ஒரே ஒரு வாசல் இருந்தால் அந்த வாசலில் நிற்பவர்தான் எஜமான். வாசல்களை அதிகமாக்கிக்கொள்ளுங்கள். மாநாட்டுக்குப் போனால் பின் வரிசையில் உட்காராமல் ஒரு கேள்வி கேளுங்கள், முடிந்ததும் போய்ப் பேசுங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள்: மலக்குடல் புற்றுநோயோடு வந்தவர்கள் எந்தக் கட்டத்தில் வந்தார்கள், எத்தனை பேருக்கு நிரந்தரப் பை, எத்தனை பேர் மறுபடி வரவில்லை, ஏன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிச் செய்தால் அது உங்கள் பெயரில் நிற்கும். வேறு ஊரில் இருக்கும் ஒரு பேராசிரியர் உங்களைப் பற்றி எழுத அதுவே காரணமாகும்.

அண்ணலின் பயணத்தை நாம் பட்டங்களின் பட்டியலாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் கணக்குப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். 1913இல் பரோடா மன்னர் கொடுத்தது மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்குப் பத்து ஆண்டு பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம். 1917இல் உதவித்தொகை முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை இருந்தது, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. மீண்டும் 1920இல் கிளம்பியது சொந்தச் சேமிப்போடும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும், நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த கடனோடும். உதவித்தொகை நின்ற இடத்தில் நண்பர்கள் நின்றார்கள்.

அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஒரு சுழல் நிதி வைத்தோம். முன்னே போய்வந்த மருத்துவர்கள் போடுகிறார்கள், போகிறவர்கள் எடுக்கிறார்கள், சம்பளம் வந்ததும் தவணையில் திருப்புகிறார்கள். வட்டி இல்லை. பெரிய தொகையும் இல்லை, விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் போதும். உங்கள் ஊரிலும் பத்து பேர் சேர்ந்தால் இதைத் தொடங்கலாம்.

போனவர்கள் திரும்பாவிட்டால் என்ற கேள்வியும் எழுகிறது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களிடம் கேட்காத விசுவாசத்தை நம் பிள்ளைகளிடம் மட்டும் கேட்பது எங்களுக்கு உடன்பாடில்லை. திரும்பி வந்தவரை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். ஓராண்டு லேப்ராஸ்கோபியில் பழகி வந்த ஒரு தம்பிக்கு இங்கே வாரத்தில் ஒரு நாள்கூடத் தியேட்டர் ஒதுக்கவில்லை. கிளம்பும் முன்பே, திரும்பி வந்தால் எந்த மருத்துவமனை, எந்தக் கருவி, எந்த நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு பணம் கொடுத்து அனுப்புமானால் இந்த உறுதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

"நமக்கெல்லாம் குடுப்பாங்களா" என்ற கேள்விக்கு வருவோம். சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். அந்தத் தங்கைக்கு முதல் இரண்டு விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. மூன்றாவது இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். இரவு அவசர கேஸ்களைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். இப்போது அங்கே இருக்கிறாள். நிதியிலிருந்து எடுத்ததில் பாதியைத் திருப்பிவிட்டாள்.

எம்.எஸ். முதலாண்டில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்றே ஒன்று. லாக்புக்கை மூன்றாம் ஆண்டில் தேடாதீர்கள். இன்று டியூட்டி முடிந்ததும், தூங்கப் போகும் முன், செய்த கேஸை எழுதி, அடுத்த நாளே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஜெய்பீம்.