இருப்பதாகச் சொன்ன பெட்டி

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில், எங்கள் ஏரியூர்ப் பக்கத்து மக்கள் நாகமரைக்குச் சென்று எதிர்க்கரையை நோக்கி நிற்பது வழக்கம். 1934-ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டபோது நீரில் மூழ்கிப்போன பழைய ஊர்களின் அடையாளங்கள் அப்பொழுது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும். முதலில் பழைய தேவாலயத்தின் கோபுரங்கள், நீர் மேலும் இறங்கினால் சிவன் கோவிலின் நந்தி. சிறுவனாக இருந்தபோது நான் என் தந்தையாரிடம், "தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தக் கோபுரம் எங்கே போய்விடுகிறது?" என்று கேட்டேனாம். "எங்கும் போகவில்லை, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை" என்றாராம் அவர். அந்த மறுமொழியின் முழுப்பொருளும் என் அறுபத்தைந்தாம் வயதில், ஒரு விளையாட்டின் வாயிலாக எனக்கு விளங்கிற்று. அதுவும் ஒரு தலைக்குனிவோடு விளங்கிற்று.

அவ்விளையாட்டை எனக்குக் கற்பித்தவன் என் தங்கை மகன். ஜெர்மனியில் பணிபுரியும் அவன் 2018-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, நீங்கள் முப்பது ஆண்டு பூகோளம் கற்பித்தவர். உங்களுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது" என்று தன் கைப்பேசியை நீட்டினான். ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் செயற்கைக்கோள்களின் துணையால் அங்கு சென்று தேடி, பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிறுவர்கள் ஒரு பாசிமணியையோ பொம்மையையோ உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வதும் உண்டு.

இதன் பிறப்பும் சுவையானது. அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழைபடுத்தி வழங்கிவந்தது. ஏறத்தாழ நூறு மீட்டர் வரை இடம் தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காடொன்றில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிடத்தை எண்களால் அறிவித்தார். இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தொலைவு நடந்து வருவோர் தம் முகவரிச் சீட்டை அதில் இட்டுச் செல்லுமாறு செய்தார். தொலைவில் ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணமே மனிதனை நடக்க வைக்கிறது போலும்.

நானும் ஒரு பெட்டி வைக்க விரும்பினேன். ஊருக்கு வெளியே ஒரு கரடு உண்டு. அதன் உச்சியில் ஏறினால் அணைநீர் வெள்ளித் தகடாய்த் தெரியும். காப்புக்காடு வேண்டாம், வழிபாட்டிடமும் வேண்டாம் என்று தீர்மானித்து, கரட்டு நிலத்துக்கு உரியவரிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்றேன். ஒரு சாண் நீளத்துக்குப் பி.வி.சி. குழாயை அறுத்து, இருபுறமும் மூடியிட்டு, பாறையின் நிறத்தைப் பூசினேன். இது விளையாட்டுப் பொருள் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். பொது இடத்தில் காணப்படும் அறியாத குழாய் எத்தகைய அச்சத்தை விளைவிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே குறிப்பேடும் பென்சிலும் வைத்தேன். பேனாவின் மை ஈரத்தில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். பாறைகளுக்கிடையே சமிக்ஞை எதிரொலித்து அளவு பிசகும் என்பதால், வெவ்வேறு நாட்களில் பலமுறை அளந்து சராசரியை எடுத்துக்கொண்டேன். கட்டுவிரியனும் தேளும் உள்ள ஊர் இது. ஆகையால் எவரும் பொந்துக்குள் கைவிட நேராதபடி, கண்ணால் நோக்கியே காணத்தக்க பிளவொன்றைத் தேர்ந்தேன். ஆனால் அக்கண் மிகக் கூரிய கண்ணாக இருக்கவேண்டும்!

இவ்விளையாட்டில் கண்டுபிடிக்கும் கடினத்தை ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்களால் குறிப்பார்கள். என் பெட்டிக்கு நாலரை என்று நானே குறித்தேன். 2019 சனவரியில் அது வெளியாயிற்று. ஒகேனக்கல் காண வருவோரில் சிலர் வழி விலகி வந்தனர். மூன்று ஆண்டுகளில் ஐந்து பேர் கண்டனர். ஒவ்வொருவரும் "மிகக் கடினம்" என்று எழுதியபோது என் உள்ளம் பூரித்தது. இங்கேதான் நான் வழுக்கத் தொடங்கினேன்.

2022 பிப்ரவரியில் ஒருவர் "தேடினேன், காணவில்லை" என்று பதிவு செய்தார். மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மே மாதம் மற்றொருவர் வந்து, தாமும் காணாமல், "பெட்டி இருக்கிறதா என்று அருள்கூர்ந்து ஒருமுறை பார்க்க இயலுமா?" என்று பணிவோடு கேட்டிருந்தார். வெயிலும் முழங்கால் வலியும் காரணமாக நான் கரடேறவில்லை. ஆனால் ஏறியவன்போல் எழுதினேன்: "பெட்டி அங்கேதான் இருக்கிறது. இது நாலரை விண்மீன் பெட்டி. பொறுமையோடு தேடுக." முப்பது ஆண்டு ஆசிரியப் பணியின் குரல் அது, ஐயம் கேட்ட மாணவனைச் சரியாகப் படிக்கவில்லை என்று அமர்த்திவிடும் குரல்.

ஆகஸ்டு மாதத்தில் மூன்றாவது பதிவு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை தம் சிறு மகளோடு வந்திருக்கிறார். மூன்று மணி நேரம் தேடியிருக்கிறார்கள். குறை ஒன்றும் கூறவில்லை அவர். இறுதியில் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "பெட்டியில் வைப்பதற்காக என் மகள் தானே கோத்த மணிச்சரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதைத் திரும்ப எடுத்துச் செல்கிறோம். பெட்டி இருக்கிறது என்று நீங்கள் உறுதியாக எழுதியிருப்பதால், தன் கண்ணில்தான் குறை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்."

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. விடிந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கரடேறினேன். பிளவு வெறுமையாக இருந்தது. சிலந்தி வலை பின்னி, அதுவும் பழையதாகிக் கிடந்தது.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "ஆயா, இங்கே ஒரு குழாய்த் துண்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"அந்தக் கொழாயா சார்? போன தை மாசமே ஆட்டுக்குட்டி உருட்டி உட்டுடுச்சு. புள்ளைங்க வெளையாட்டுச் சாமான் போல, வெயில்ல வீணாப் போவுதேன்னு எடுத்து வூட்ல வெச்சிருக்கேன். வெச்சவங்க தேடிக்கிட்டு வருவாங்க, குடுத்துடலாம்னு பாத்தேன். ஒருத்தரும் வரலியே!"

வைத்தவன் வரவில்லை என்பதுதான் உண்மை. தை மாதம் பெட்டி போய்விட்டது. பிப்ரவரியிலும் மேயிலும் ஆகஸ்டிலும் வந்த மூவரும் இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் அதைப் பத்திரமாகக் காத்து, உரியவனுக்காக ஏறத்தாழ ஏழு மாதம் காத்திருந்தார். உரியவனோ, "அங்கேதான் இருக்கிறது" என்று வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தான். என் தந்தையார் கூறியது நினைவுக்கு வந்தது. கண்ணுக்குப் புலப்படாததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு. நீருக்கடியில் இருக்கும் கோபுரம் கடினமான பெட்டி. என்னுடையது வெறும் பிளவு. அந்த வெறுமைக்கு நாலரை விண்மீன் சூட்டி நான் பெருமை கொண்டிருந்தேன்.

அன்றே அந்தப் பெட்டியின் பக்கத்தில் "தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பை இட்டேன். மூவருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "நான் சென்று பார்க்காமலே இருப்பதாக எழுதினேன்" என்ற வாக்கியத்தை எழுதுவதற்கு நெடுநேரமாயிற்று. கண்டவர் பட்டியலில் மகளின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் தந்தைக்கு எழுதினேன். அவர் மறுமொழி இதுதான்: "சொல்லிப் பார்த்தேன். குறிப்பேட்டில் கையெழுத்திடாமல் கண்டதாக எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். மீண்டும் வருகிறோம்." விளையாட்டின் விதியை அக்குழந்தை என்னிலும் நன்றாக அறிந்திருந்தாள்.

முன்பு பெட்டியைக் கண்டவர்களில் ஒருவர், "நீங்கள் சிரமப்பட வேண்டாம். அடுத்த வாரம் அவ்வழியே வருகிறேன். நானே ஒரு புதுப் பெட்டியைப் போட்டுவிடுகிறேன்" என்று அன்போடு முன்வந்தார். அதை ஏற்றுக்கொள்ளலாகாது என்பதையும் நான் கற்றுக்கொண்டேன். காணாதவர்களும் சில வேளை தாமே ஒரு டப்பாவை வைத்துவிட்டுக் கண்டதாக எழுதிக்கொள்வது உண்டாம். பழைய பெட்டி உண்மையில் தொலையாமல் இருந்தால், ஒரே இடத்தில் இரண்டு கிடந்து, பின்வருவோர் எதைக் கண்டனர் என்பதே குழம்பிவிடும். பராமரிப்பது வைத்தவனின் கடமை. அன்பினால் ஆயினும் அதைப் பிறர்மேல் சுமத்துதல் தகாது.

எனக்கென்று சில நெறிகளை அன்று வகுத்துக்கொண்டேன். கடினமான பெட்டியைத் தேடிக் காணாதவர்கள் பலர் இருப்பார்கள். அதனாலேயே, அது தொலைந்துபோனாலும் எவருக்கும் ஐயம் எழாது. எளிய பெட்டியை வைத்தவனைவிடக் கடினமான பெட்டியை வைத்தவன் அடிக்கடி சென்று பார்க்கவேண்டிய காரணம் இதுவே. இருவர் அடுத்தடுத்துக் காணவில்லை என்றால் மூன்றாமவர் வருமுன் நான் ஏறிவிட வேண்டும். ஏற இயலவில்லையேல், ஏறும்வரை பெட்டியை நிறுத்தி வைக்கவேண்டும். கண்ணால் பார்க்காமல் "இருக்கிறது" என்று எழுதலாகாது. தேடிச் சலித்தவரை ஏளனம் செய்யாமல், கேட்டால் ஒரு குறிப்பு நல்கவேண்டும். குறிப்பு கொடுப்பதால் பெட்டியின் மதிப்புக் குறைவதில்லை. காணவில்லை என்று எழுதுவோரின் பதிவுகளை நீக்கலாகாது. அவர்களே எனக்காகக் கரடேறிப் பார்த்து வந்து சொல்லும் தூதர்கள். முழங்கால் முற்றிலும் மறுக்கும் நாளில், விரும்பும் இளைஞர் ஒருவருக்கு உரிமையை மாற்றிக் கொடுக்கவேண்டும். எவரும் இல்லையேல், குழாயைப் பாறையில் குப்பையாக விட்டுவிடாமல் எடுத்துவந்து, பக்கத்தை மூடிவிடவேண்டும்.

இந்தச் சிறு விளையாட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் எண்ணிப் பார்த்தேன். "வா, உனக்காக ஒன்று இருக்கிறது" என்று ஒருவரை அழைத்துவிட்டால், அது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அழைத்தவன் பொறுப்பாகிவிடுகிறது. வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளிடம், "விடை பாடத்திலேயே இருக்கிறது, ஒழுங்காகத் தேடு" என்று சொல்லியிருப்பேன்! அத்தனை முறையும் அது அங்கே இருந்ததா என்று நான் பார்த்தேனா? இன்று அவர்களுக்கெல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை.

புதிய குறிப்பேட்டோடு அதே குழாயை மீண்டும் அதே பிளவில், ஆட்டுக்குட்டியின் கால் படாதபடி சற்று உள்தள்ளி, இரு கற்களை அணையாகக் கொடுத்து வைத்தேன். கடினத்தை மூன்றாகக் குறைத்தேன். ஆயாவுக்கும் விளக்கிச் சொன்னேன். "அப்ப இனிமே நானும் பாத்துக்கறேன் சார்" என்றார். ஆயினும் அவர் பார்ப்பதை நம்பி நான் இருந்துவிடவில்லை. ஆண்டுக்கு மூன்று முறை நானே ஏறுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து அக்குழந்தை இன்னும் வரவில்லை. வளர்ந்திருப்பாள், வேறு விருப்பங்கள் வந்திருக்கலாம். சென்ற ஞாயிறு மாலையும் கைத்தடியோடு ஏறிப் பார்த்தேன். குழாயைத் திறந்து, பென்சிலைச் சீவி, குறிப்பேட்டில் ஈரம் ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்கினேன். பெட்டி இருக்கிறது.