ஆள் பார்த்து வரும் கோபம்

என் கோபத்துக்கு ஆள் தெரியும். திருச்சபையின் சேகரக் கமிட்டியில் ஐயர் (பாதிரியாரை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) எல்லார் முன்னாலும் என் கணக்கைத் தப்பென்று சொன்னால் அது வாயைத் திறக்காது. ஆபீசில் மேலதிகாரி ஃபைலை விட்டெறிந்தாலும் பேசாமல் பொறுக்கிக்கொண்டு வரும். வீட்டு நடையை மிதித்த பிறகு, குழம்பில் உப்புக் கூடினாலும் மகன் பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தும். எனக்கு முன்கோபம், பிறவிக் குணம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராத்திரி முழங்காலில் நின்று ஆண்டவரிடமும் அதையே சொன்னேன்: என்னால் அடக்க முடியவில்லை. பொய்தான்.

ஒரு சாயங்காலம், கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டாள் என்று மனைவியை ஏசிக்கொண்டிருந்தேன். அவள் காய்ச்சலில் படுத்து எழுந்த வாரம் அது. நடுவில் ஐயரிடமிருந்து போன். “ஸ்தோத்திரம் ஐயா, சொல்லுங்கய்யா!” சபையின் அசன விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எந்தக் கடையில் வாங்குவது என்று பொறுமையாகப் பேசினேன். வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரப்போனேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்: “இப்பம் மட்டும் எப்பிடி அடங்குச்சு?” பதில் இல்லாததால் அதற்கும் கத்தினேன்.

ஆவியின் கனிகளில் கடைசியாக வருகிற இச்சையடக்கத்தைப் பற்றிப் பிரசங்கமே பண்ணியிருக்கிறேன். வேதம் தெரிந்தவனாக இருந்ததுதான் எனக்கு வினையாயிற்று. கோபம் இருந்தால் பொழுது சாய்வதற்குள் அதைத் தீர்த்துவிடவேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது, கோபப்பட்டவனுக்கு. அதைத் திட்டு வாங்கியவர்கள் மேல் நான் பிரயோகித்தேன். கத்தி முடித்து எனக்கு ஆறிய பிறகு, குடும்ப ஜெபத்துக்கு எல்லாரையும் உட்காரவைப்பேன். முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், “கசப்போடு படுக்கக் கூடாது, வேதம் சொல்லுது” என்பேன். அழுகையைக்கூட நான் குறித்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் போட்டதைவிட இதுதான் பெரிய அக்கிரமம் என்று இப்போது படுகிறது.

யாராவது கேட்டால் இயேசு தேவாலயத்தில் சாட்டை எடுத்ததைச் சொல்வேன். எல்லாக் கோபக்காரக் கிறிஸ்தவனுக்கும் மனப்பாடமான பகுதி அது. மாற்கு 11ஆம் அதிகாரத்தில் அதற்கு முந்தின சாயங்காலமும் இருக்கிறது: அவர் தேவாலயத்துக்குள் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதால் பெத்தானியாவுக்குப் போகிறார், மேசைகளைக் கவிழ்ப்பது மறுநாள்தான். பார்த்ததற்கும் கவிழ்த்ததற்கும் நடுவே ஒரு ராத்திரி. எனக்கு ஒரு மூச்சுகூட இருந்ததில்லை. தவிர, அவர் மோதியது செல்வாக்குள்ளவர்களோடு. அதற்கான விலை சில நாளில் வந்தது. எனக்கு எதிரில் நின்றது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.

மோசேயும் தன் கோபத்துக்கு விலை கொடுத்தவர்தான். கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னால், எரிச்சலில் கோலால் இரண்டு முறை அடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால் கானானை நேபோ மலையில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. என் கோபத்துக்கு நான் ஒன்றையும் கட்டவில்லை. கட்டினது மற்றவர்கள்.

பாலைவனத் துறவிகளைப் பற்றி ஒரு தியான முகாமில் கேள்விப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன். எகிப்தில் அம்மோனாஸ் என்ற துறவி கோபத்தை ஜெயிக்க 14 வருஷம் இரவும் பகலும் ஜெபித்ததாகச் சொல்லியிருக்கிறார். 5ஆம் நூற்றாண்டில் எழுதிய காசியானை எனக்கு இன்னும் பிடித்தது. தனிமையில், சண்டை போட ஆளே இல்லாத இடத்தில், எழுதுகோல் பிடிக்கத் தோதாக இல்லை, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி வரவில்லை என்று அவற்றின் மேலேயே எரிந்து விழுந்ததை அந்த மனிதர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆளை விட்டு ஓடினால் கோபம் போகாது என்பது அவர் கணக்கு. எனக்கு இன்னொன்றும் தோன்றியது. கல்லின் மேல்கூடக் கோபம் வந்ததே, அந்தக் கோபமாவது ஆள் பார்க்கவில்லை.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது உண்டு. இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். காணிக்கைக்கு முன்பே இதை வைத்திருப்பதற்கும், சகோதரனுக்கு உன் மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் உள்ளதற்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் கோயிலில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி. என் கையிலிருந்து மனைவி கைக்கு அது போக வழியில்லை. மகன் முன்பு என் பக்கத்தில்தான் உட்காருவான். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து பின்வரிசைக்குப் போய்விட்டான். சிநேகிதர்களோடு உட்காருகிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவனிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். “அப்பா அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடே” என்பது வரை ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் “ஆனா நீயும்” என்று வாய் தானாகப் போய்விட்டது. “சரிப்பா” என்றான். பிறகு போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

இந்த லெந்து நாட்களில் இச்சையடக்கம் பற்றிப் பேசும்படி ஐயர் கேட்டார். வேறு ஆளைப் போடுங்கள், எனக்குத் தகுதியில்லை என்றேன். என் தாழ்மையைப் பற்றிக் கமிட்டியில் இரண்டு வார்த்தை உயர்வாகச் சொன்னார். நான் மறுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.