மேசைமேல் ஓடிய ரயில்

ரயில் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலுமாகக் காலை ஆறு மணிக்கே பள்ளி வாசலில் நின்றுவிட்டார்கள்.

"எந்த ஊருக்குப் போற ரயில் டீச்சர்?" என்று கேட்டான் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன்.

"எந்த ஊருக்கும் போகாத ரயில்" என்றேன். அவன் முகம் சட்டென்று வாடிவிட்டது.

ஜொகூர் பாருவில் மாதிரி ரயில் பிரியர்கள் சங்கம் ஒன்று நடத்திய கண்காட்சிக்குத்தான் அவர்களை அழைத்துச் சென்றேன். வேன் நகருக்குள் நுழைந்ததும், முதலில் பழைய ரயில் நிலையத்தைக் காட்டினேன். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை முடிந்து 1909-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. 2010-இல் பக்கத்திலேயே புதிய நிலையம் வந்ததும் பழையது ஓய்வு பெற்றது. அதற்கெல்லாம் முன்பே, 1869-இல், மகாராஜா அபு பக்கார் காலத்தில் இங்கிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி மரத்தாலேயே தண்டவாளம் போட்டார்கள். அதைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது.

மண்டபத்தில் நுழைந்ததும் சிரிப்பு அடங்கி, எல்லார் கண்களும் விரிந்தன. இடுப்பளவு உயரத்தில் நீண்ட மேசைகள். அவற்றின்மேல் மலை, பாலம், ஆறு, கடைத்தெரு. நடுவே விரற்கடை அகலத்தில் ஒரு ரயில் பாதை. சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு மேசையை மட்டும் செய்கிறார். மேசையின் உயரமும், அதன் ஓரத்தில் தண்டவாளம் வந்து முடியும் இடமும் எல்லாருக்கும் ஒன்றே. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். கண்காட்சி நாளில் எல்லாவற்றையும் ஆணி போட்டு முடுக்கினால் ஒரே பாதையாகிவிடுகிறது. கூட்டுறவு என்பதை வகுப்பில் இதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை.

ஒரு மேசைக்குப் பொறுப்பாளர், அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயில் பொறுமையாக விளக்கினார். உண்மையான பொருளை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவது அவருடைய கணக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலான பாதைகளின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 வரும். நம் நாட்டுப் பாதையோ ஒரு மீட்டர்தான். அதனால் 12 மில்லிமீட்டர் பாதையைத் தேடிப் போடுகிறார். தண்டவாளம் இரண்டிலும் 12 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அது பாயும் திசையை மாற்றிவிட்டால் இஞ்சின் பின்னோக்கிப் போகிறது.

அந்த மேசையில் இருந்தது 1960-களின் ஜொகூர். செம்மண் பாதை, ரப்பர் மரங்கள், தகரக் கூரை போட்ட சிறு ஸ்டேஷன். அதில் 56-ஆம் வகுப்பு நீராவி இஞ்சின் ஒன்று வந்து நின்றது. 1938 முதல் கிளாஸ்கோ நகரில் கட்டி மலாயாவுக்கு அனுப்பிய வகை அது. அந்த இஞ்சின்களுக்கு நம் ஊர்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்களாம்.

காலையில் முகம் வாடியவன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு பெரியவரிடம் மலாயில் கேட்டான்: "அங்கிள், இதிலே ஆளுங்க எங்கே? வேலை செய்றவங்க வீடு எங்கே?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டேஷனுக்குப் படம் கிடைத்தது, இஞ்சினுக்கு வரைபடம் கிடைத்தது. தொழிலாளர் வீட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தெரியாததை நான் வைப்பதில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தா ரயில்வே கேங்கில் வேலை செய்தவர். கல்லை இடித்து இறுக்குவதும், மக்கிய சிலிப்பர் கட்டையை மாற்றுவதும், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பாதையோரம் நடப்பதும் அவர் பிழைப்பு. அப்படி நடந்தவர்களில் நம் தமிழர் எத்தனை எத்தனை பேர்! ஆனால் அவர் குடியிருந்த வீடு எப்படியிருந்தது என்று கேட்டால், ஆசிரியையான எனக்கே தெரியாது.

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பிறந்தது அந்த வரிசை வீட்டில்தான். "அஞ்சு கதவு இருக்கும்மா. நம்மது கடைசி. ரூம்பு பத்தடிக்குப் பத்தடி. பின்னாலே எல்லாருக்கும் ஒரே குழாய். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில், பக்கத்திலே முருங்கை மரம்..." அம்மா சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். பெரியவர் தாளில் படம் போட்டுக்கொண்டே வந்தார். சுவருக்கு என்ன நிறம் என்று கேட்கச் சொன்னார்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. "கரி படிஞ்ச சுவருக்கு ஏதும்மா நிறம்?" என்றார். பெரியவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கணக்குப் பாடத்தில் அந்த வீட்டைத்தான் கட்டினோம். பத்தடி அறையை 87-ஆல் வகுத்தால் மூன்றரை சென்டிமீட்டர். ஐந்து அறையும் சேர்ந்து, பிள்ளைகளின் அடிக்கோலில் பாதியைச் சற்றே தாண்டின. அட்டையில் வெட்டி ஒட்டி, சுவரில் அடுப்புக்கரியைத் தேய்த்து, பெரியவருக்கு அனுப்பிவைத்தோம். அடுத்த கண்காட்சியில் அது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்குமென்று சொல்லியிருக்கிறார்.

2025-ஆம் ஆண்டு இறுதியில் மின்சார ரயில் ஜொகூர் பாருவையே எட்டிவிட்டது. இரட்டைப் பாதைக்காகப் பழைய ஒற்றைப் பாதையின் அடையாளங்கள் பல மறைந்துவிட்டன. முன்னேற்றத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் லாபிஸ், பாலோ, ரெங்கம், கூலாய் என்று ரயில் பாதையோரம் வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இன்றிரவே கேளுங்கள்: வீடு எந்தப் பக்கம், எத்தனை கதவு, குழாய் எங்கே? பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம் போதும். எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு மேசைமேல் ரயில் ஓடும். அதற்குப் பாதை போட்டவன் இருக்கமாட்டான்.