எண்ணிப் பார்த்து ஒரு கையெழுத்து



நேற்று தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் பற்றிப் படித்தேன். அந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தரும் அரசு நிறுவனம். 2020 ஜனவரியில் ஆந்த்ரே டி ரய்டர் அதன் தலைமைப் பொறுப்பேற்றார். நல்ல நிலக்கரி வழியிலேயே களவு போய், மட்டமான கரி அனல்மின் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. பழைய நிலையங்கள் அடிக்கடி பழுதாகி, 2022இல் மட்டும் 200 நாட்களுக்கு மேல் மின்வெட்டு. அந்த டிசம்பரில் ராஜினாமா செய்தார். அதே நாட்களில் தம் காபியில் சயனைடு கலக்கப்பட்டதாகவும் சொன்னார். 2023 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஊழலைப் பற்றிப் பேசியதும் உடனே வெளியேற வேண்டியதாயிற்று.

எனக்கு உறுத்தியது வேறு.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது பில்லில் 40 பெஞ்சு. வந்து இறங்கியது 34. "எல்லா இடத்திலும் இப்படித்தான், கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் கொண்டுவந்தவர். போட்டேன். என் காபியில் யாரும் விஷம் வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பயந்தேன். அந்த வருடம் ஆறாம் வகுப்பில் சிலர் தரையில் உட்கார்ந்து படித்தீர்கள். மன்னித்துவிடுங்கள்.

அரசு வேலையில் இருக்கும் பிள்ளைகளே, எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.