சுவருக்குள் இருந்தவள்

எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் யார் வீட்டில் வீடியோ டெக் இருந்ததோ, அதுதான் எங்களுக்குத் தியேட்டர். பத்து ரோட்டுக் கொலிசியத்துக்குப் பஸ் ஏறுவதெல்லாம் தீபாவளிக்குத்தான். மணிவண்ணனின் 'நூறாவது நாள்' படத்தையும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடொன்றில்தான் பார்த்தோம். பலர் வாடகைக்கு எடுத்துத் தேய்த்த டேப். பாயில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள்.

1984இல் வந்த படம். நடக்கப்போகும் கொலை நளினியின் கண்ணுக்கு முன்பே தெரியும். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்புக் கோட்டுமாகச் சத்யராஜ் வந்தால், பெரிய அக்காமார்கூடக் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். டேப்பில் கோடு விழுந்து படம் நடுங்கும்போது பயம் இன்னும் ஏறும். சுவரை இடிக்கும் கட்டத்தில், "நிப்பாட்டுங்கடா, பிள்ளைங்க தூங்காதுங்க" என்று பாட்டி சத்தம் போட்டார். யார் கேட்டார்கள்! விஜயகாந்த் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். மற்ற படங்களில் மைக் பிடித்துப் பாடிய நடிகர் மோகன் இதில் இப்படிக் கொலைகாரனாக வந்தாரே என்று சித்திக்கு ஆறவேயில்லை.

மெட்ராசில் ஒன்பது பேரைக் கொன்றவன் இந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னானாம் என்ற செய்தி பிறகு இங்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பேச்சையே எடுக்கக்கூடாது.

கதையின் சொந்த ஊர் இத்தாலி என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஜாலோ என்ற கொலைமர்மப் படங்கள் அங்கே கொடிகட்டிப் பறந்த எழுபதுகளில், 1977இல், லூசியோ ஃபுல்சி எடுத்த 'சேத்தே நோத்தே இன் நேரோ'. அதில் சுவரை இடிப்பவர் ஜெனிஃபர் ஓநீல். ஒரு கைக்கடிகாரம் இசைக்கும் ஏழு சுரங்கள் கதையின் முடிச்சு. மணிவண்ணன் சொல்லாமல் எடுத்துக்கொண்ட இந்தக் கதை, 1991இல் மாதுரி தீட்சித்தோடு '100 டேஸ்' என்று இந்திக்கும் போனது. ஃபுல்சி நிதானமாகப் பதற வைக்கிறார். மணிவண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டு அவர் கொடுத்தது.

நாங்கள் படம் பார்த்த குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மாமா டேப் எடுத்துவந்த கடையும் போயிற்று. சினிமா விளம்பரம் பார்ப்பதற்கென்றே புரட்டிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. மணிவண்ணன் 2013இல் போனார், விஜயகாந்த் 2023இல்.

அண்மையில் இரண்டு படங்களையும் தனியாகக் கைப்பேசியில் பார்த்தேன். இரண்டுமே பயமுறுத்தவில்லை. குறை படங்களில் இல்லை. அலறுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒளியழகுக்கு ஃபுல்சி, பயத்துக்கு மணிவண்ணன் என்பதுதான் இன்றும் என் தீர்ப்பு. நீங்கள் பார்ப்பதானால் நாலு பேரைக் கூட்டிவைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.